நகர்த்தக் கூடாத வரி

அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் இளகி, எல்லோரும் நல்லவர்கள்தான் என்று முடிப்பேன் என எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், தெப்ராவில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் பதினோரு பேர். செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். எண்ணெய்த் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது, பம்பு ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று பார்த்துத் தகவல் அனுப்பும் பெட்டி. அதற்குள் ஒரு குட்டிக் கணினி, அந்தக் கணினிக்குள் கெர்னல். மற்ற எல்லா நிரல்களுக்கும் அடியில் இருந்துகொண்டு, யாருக்கு எவ்வளவு மெமரி, யாருக்கு எப்போது முறை என்று பங்கு போடுகிற நிரலுக்குத்தான் கெர்னல் என்று பெயர். என் வேலை அதில்தான். அதிலும், பெட்டிக்கு மின்சாரம் வந்த முதல் விநாடிக்குள் நடப்பதில்.

அந்த விநாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் எப்படிப் பழி வாங்கினேன் என்பது விளங்காது.

கெர்னலுக்குள் மெமரியைப் பங்கு போட ஒரு பெரிய அதிகாரி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வேலையைத் தொடங்க வேண்டுமானால் அவருக்கே மெமரி வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவரும் அவர்தான், ஆனால் அவர் இன்னும் வந்து சேரவில்லை. இந்தச் சங்கடத்துக்காகவே ஒரு தற்காலிக ஆள் இருக்கிறார். அவரிடம் இரண்டே பட்டியல்கள். என்ன மெமரி இருக்கிறது என்பது ஒன்று, அதில் எதெல்லாம் எடுக்கப்பட்டுவிட்டது என்பது இன்னொன்று. யாராவது வந்து இடம் கேட்டால் மேல் நுனியிலிருந்து வெட்டிக் கொடுத்து, இரண்டாவது பட்டியலில் குறித்துக்கொள்வார். வேறு விசாரணை எதுவும் கிடையாது. ஓர் இடத்தில் நீங்கள் ஏதோ வைத்திருக்கிறீர்கள், ஆனால் அவரிடம் சொல்லவில்லை என்றால், அதை அடுத்தவருக்கு எடுத்துக் கொடுத்துவிடுவார். பெரியவர் வந்ததும் மிச்சத்தை ஒப்படைத்துவிட்டுக் காணாமல் போவார். அவரை யாருக்கும் தெரியாது. எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் மதியம் பன்னிரண்டரைக்கு உட்கார இடம் கிடைக்காது. முதலில் மேசைமேல் ஒரு டிஷ்யூ பொட்டலத்தை வைத்துவிட்டுத்தான் சாப்பாட்டு வரிசைக்குப் போக வேண்டும். பொட்டலம் இருக்கிற மேசையில் யாரும் உட்கார மாட்டார்கள். சாப்பாட்டை வாங்கிக்கொண்டு வந்து அப்புறம் பொட்டலத்தைத் தேடினால், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கெர்னலின் முதல் விநாடியும் இதேதான். முன்னதாகச் சொல்லி வைப்பது முதலில், கேட்டு வாங்குவது பிறகு.

"நீ போய் மேசை புடிமா. நான் ஆர்டர் பண்ணிட்டு வரேன்."

இப்படிச் சொல்வது எங்கள் குழுவின் லீடர். நாங்கள் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் நான் மன்னிக்காத மனிதர். இரண்டு வருடம் தினமும் எனக்கு மேசை பிடிக்கிற வேலை. குழுவில் நான்தான் ஒரே பெண், அதனால் அது எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது. சிரித்த முகம் அவருக்கு. பிறந்தநாளுக்குக் கேக் வாங்கி வருவார். வாடிக்கையாளர் முன்னால் நம்மைத் தோளில் தட்டி, "எங்க ஸ்டார்" என்பார். பிறகு அந்த ஸ்டார் செய்ததை எல்லாம் தன் வாயால் தானே செய்ததாக விவரிப்பார்.

பெட்டியின் முதல் விநாடிக்கான கோப்பை நான் எழுதினேன். முழுக்க நான். ஒவ்வொரு தொட்டியின் சென்சாருக்கும் ஒரு கோணல் உண்டு. ஒன்று கொஞ்சம் கூட்டிச் சொல்லும், இன்னொன்று குறைத்துச் சொல்லும். எதை எவ்வளவு திருத்த வேண்டும் என்ற பட்டியல் ஒன்று இருக்கும். கெர்னலுக்கும் முன்னால் ஓடுகிற சின்ன நிரல் அதை மெமரியின் ஒரு மூலையில் வைத்துவிட்டுப் போகும். கெர்னல் விழித்ததும் முதல் வேலையாக, "அந்த மூலை எடுக்கப்பட்டது, தொடாதே" என்று தற்காலிக ஆளிடம் சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு வரி. அந்த வரிக்கு மேலே, நகர்த்த வேண்டாம், எல்லாவற்றுக்கும் முன்னால் இதுதான் என்று குறிப்பு எழுதியிருந்தேன். மலாயில். குழுவில் ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர், நானும் பாஸும் தமிழர். அவசரத்துக்கு எல்லோர் கண்ணிலும் படுகிற மொழி அதுதான்.

பெட்டியை மொத்தமாக வாங்க சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று முன்வந்தது. அவர்கள் ஆள் அனுப்பி நிரலைப் படித்துப் பார்ப்பார்கள் என்றதும் பாஸுக்குச் சுத்தம் செய்கிற காய்ச்சல் வந்துவிட்டது. மலாய்க் குறிப்புகள் எல்லாவற்றையும் அழித்தார். கம்பத்து நாட்டுப்புறப் பிள்ளைகள் எழுதின மாதிரி இருக்கிறதாம். அழித்த இடத்தில் ஆங்கிலத்தில் எதுவும் எழுதவும் இல்லை. பிறகு, இடத்தை ஒதுக்குகிற வரிகள் ஆங்காங்கே சிதறிக் கிடப்பது பார்க்க நன்றாக இல்லை என்று எல்லாவற்றையும் திரட்டி, அழகாக ஒரே நிரல்துண்டாக, ஒரே ஃபங்ஷனில் போட்டு, கீழே கொண்டுபோய் வைத்தார். என் வரியும் அதோடு போயிற்று. கடைசியாகக் கோப்பின் தலையில் எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். யார் எதை எழுதினார் என்ற பழைய வரலாறு எதுவும் தெரியாதபடி, எல்லாவற்றையும் தன் கணக்கிலிருந்து ஒரே கட்டாகப் புதிதாக ஏற்றினார்.

நான் போய்க் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கம்பெனி வழக்கம் லா. லீடர் பேரு போட்டா கிளையண்டுக்கு நம்பிக்கை வரும். நீயும் நானும் ஒன்னுதானே?"

அழுகை வந்தால் அவருக்கு வசதியாகப் போய்விடும் என்று கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். அன்றும் பன்னிரண்டரைக்குப் போய் மேசை பிடித்தேன். அதை நினைத்தால் அவர்மேல் வருவதைவிட என்மேல் அதிகக் கோபம் வருகிறது.

வரி கீழே போனது உடனே தெரியவில்லை. பழைய போர்டில் மெமரி தாராளம். நுனியில் வெட்டிக் கொடுப்பதெல்லாம் என் மூலைக்கு வெகு தூரத்தில் நடந்தது. பிறகு மெமரி கால் பங்கே உள்ள மலிவான போர்டுக்கு மாறினோம். அதில் நுனிக்குப் பக்கத்திலேயே அந்த மூலை. அப்போதும் சாதாரணப் பெட்டிகள் தப்பித்தன. கூடுதல் சென்சார்களுக்காக இரண்டாவது கார்டு செருகிய பெட்டிகளில்தான் வினை. கார்டு கூடினால் பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்ற விவரணம் நீளும். அதை விரித்து வைக்கக் கெர்னல் இன்னும் கொஞ்சம் இடம் கேட்கும். அந்தக் கொஞ்சம் நேராக என் மூலைமேல் போய் விழுந்தது. திருத்தப் பட்டியல் குப்பையாயிற்று. நிரம்பிய தொட்டி காலி என்று காட்டியது.

அந்தப் பெட்டிகள் பண்டார் தெங்காரா பக்கத்து ஆலைகளில் இருந்தன. மழைக்காலம் வேறு. மத்தியானம் இடி இடித்தால் கரண்ட் போகும். கரண்ட் திரும்பி வந்தால் பெட்டி மறுபடி விழிக்கும், பட்டியல் அழியும். ஒவ்வொரு முறையும் எங்கள் டெக்னீசியன் அண்ணன் வேனை எடுத்துக்கொண்டு போய், லேப்டாப்பை இணைத்துப் பட்டியலைக் கையால் மறுபடி ஏற்றிவிட்டு வர வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர். அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதால் செம்பனைக்கு நடுவில் எந்த மண்பாதை எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். என்னைத் தங்கச்சி என்பார். திரும்பி வரும்போது பீசாங் கோரேங், நம் வாழைப்பழ பஜ்ஜிதான், வாங்கி என் மேசையில் வைப்பார்.

வாடிக்கையாளரான சிங்கப்பூர் நிறுவனத்தார் காரணம் கேட்டார்கள், அவர்கள் மேடம் ஒருவர் நேரில் வரப்போவதாகவும் சொன்னார்கள். பாஸ் ஒரு மதியம் ஓர் அறிக்கையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். கோளாறு, சென்சார் அளவைப் படிக்கும் நிரலில். எழுதிய பொறியாளரின் கவனக்குறைவு. அந்த நிரல் ஒன்றுதான் அலுவலகத்தில் என் பெயரில் மிஞ்சியிருந்தது. கீழே கையெழுத்துப் போட என் பெயர் அச்சாகியிருந்தது. அந்த மாத முடிவில் என் ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று முடிவு செய்கிற நேரம். இதில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"சும்மா ஃபார்மாலிட்டிமா. சைன் பண்ணிடு, மத்தத நான் பேசிக்கிறேன்."

"கிளையண்ட் மேடம் வராங்கல்ல பாஸ்? அவங்க முன்னாலயே போடுறேன். நானே மன்னிப்பும் கேட்டுக்கிறேன்."

அவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. தலையை ஆட்டிக்கொண்டு போனார். மேடம் வரப் பதினைந்து நாள் இருந்தது.

அவர் போன கையோடு, டெக்னீசியன் அண்ணன் பழுதென்று கொண்டுவந்து போட்டிருந்த பெட்டி ஒன்றை எடுத்தேன். இரண்டாவது கார்டைக் கழற்றாமல் அப்படியே என் மேசையில் வைத்தேன். கெர்னலுக்குக் கொடுக்கும் துவக்கக் கட்டளையில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால், அந்தத் தற்காலிக ஆள் தான் செய்வதை எல்லாம் வரிவரியாகச் சொல்வார். எந்த இடம், எவ்வளவு, கேட்ட ஃபங்ஷனின் பெயர் என்ன என்று. பெட்டியை விழிக்க வைத்தேன். பதினோராவது வரியில் என் மூலையை வேறு யாருக்கோ கொடுத்திருந்தார். பதினான்காவது வரியில், அதே மூலையைத் தொடாதே என்று பாஸின் அழகான ஃபங்ஷன் வந்து சொன்னது. மூன்று வரி தாமதம். தட்டோடு வந்து பொட்டலத்தைத் தேடியிருக்கிறார்.

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் என்ன என்று கேட்டார், ஒன்றுமில்லை என்றேன். அதைப் பிரிண்ட் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். வரியை மேலே தூக்கி வைக்க அரை நிமிடம் போதும். நான் வைக்கவில்லை. உடனே சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியும். சத்தமில்லாமல் திருத்திவிட்டு, "நான் கண்டுபிடித்தேன்" என்று அதையும் தன் பெயரில் அனுப்புவார். அறிக்கை மட்டும் என் பெயரிலேயே போகும். அவர் வாயாலேயே அவர் மாட்ட வேண்டும், அதுவும் ஆள் பார்க்க மாட்ட வேண்டும். அந்தப் பதினைந்து நாளும் நான் நிம்மதியாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன். மேசை பிடிக்கப் போகும்போது பாட்டு முணுமுணுத்தேன்.

இடையில் ஒரு திங்கட்கிழமை டெக்னீசியன் அண்ணன் என் மேசைக்கு வந்தார். முந்திய நாள் அவர் மகளுக்குப் பரிசம் போட்டார்கள். வீட்டு வாசலில் பந்தல், மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், மத்தியானம் இடி. ஆலையிலிருந்து போன்.

"போவாம இருக்க முடியுமா தங்கச்சி? டேங்கி காலின்னு காட்டுது, அவன் பம்ப ஓட்டிட்டான்னா எண்ணெ வழிஞ்சி ஆத்துக்குப் போயிரும். தட்டு மாத்துறதுக்கு என் தம்பிய உக்கார வச்சிட்டு ஓடுனேன். திரும்பி வந்தா பந்தலக் கழட்டிக்கிட்டு இருக்கானுங்க. அலமாக், சோறுகூட மிச்சம் இல்ல."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் மட்டும் சிரிக்கவில்லை. என் கை இழுப்பறைக்குப் போனது. சாவியைத் திருப்பினேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பாஸ் போனில் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. வாடிக்கையாளரின் சிங்கப்பூர் அலுவலகத்தில் அவருக்கு ஒரு பதவி வரப்போகிறது என்ற பேச்சு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. சாவியைத் திரும்பப் பூட்டினேன். இன்னும் நாலு நாள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேடம் சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்தார். அதிகம் பேசாத சீனப் பெண்மணி, நாற்பது இருக்கும். கூட்ட அறையில் நாங்கள் மூவரும், கதவோரம் டெக்னீசியன் அண்ணனும். பாஸ் வருத்தமான குரலில், எங்கள் இளைய பொறியாளர் ஒருவரின் தவறு, அவரே நேர்மையாக ஒப்புக்கொள்கிறார் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அறிக்கையை என் பக்கம் தள்ளிப் பேனாவையும் வைத்தார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை பெட்டியை விழிக்க வைத்துக் காட்டட்டுமா என்று மேடத்திடம் கேட்டேன். காட்டச் சொன்னார். அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். திரையில் வரிகள் ஓடின. பதினொன்றில் நிறுத்தி, இந்த இடம்தான் திருத்தப் பட்டியல் இருக்கிற இடம், இங்கே வேறொருவருக்குப் போய்விட்டது என்றேன். பதினான்கில் நிறுத்தி, அதைக் காப்பாற்றுகிற வரி இங்கேதான் வருகிறது என்றேன். என் நிரல் ஓடத் தொடங்குவதற்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கிறது, அதற்குள் பட்டியல் அழிந்துவிட்டது என்றேன். பதினைந்து நாள் ஒத்திகை பார்த்திருந்தேன்.

மேடம் பதினான்காவது வரியில் இருந்த ஃபங்ஷன் பெயரைக் காட்டி, இது எந்தக் கோப்பு என்று கேட்டார். திறந்து காட்டினேன். தலையில் பாஸின் பெயர், முழுப் பெயர், பதவியோடு.

பாஸ் தண்ணீர் குடித்தார். பிறகு, உண்மையில் இந்தப் பகுதியை எழுதியது இவர்தான், நான் மேற்பார்வை பார்த்தேன் என்றார். இரண்டு வருடத்தில் முதல் முறையாக எனக்குரியதை எனக்குக் கொடுத்தார்.

மேடம் என்னைப் பார்த்தார். எனக்கு இரண்டு வழி இருந்தது. நான் எழுதினேன், இவர் நகர்த்தினார் என்ற முழு உண்மையைச் சொல்லலாம். அதை நிரூபிக்க வரலாறு இல்லை, அவர்தான் அழித்துவிட்டாரே. அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். அதைவிடக் கூரானது ஒன்று என் கையில் இருந்தது.

"இல்லை மேடம். ஒவ்வொரு வரியும் இவர் எழுதியது," என்றேன். "நான் இவரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டேன்."

அவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். பார்ப்பதற்காகத்தானே இவ்வளவு நாள் காத்திருந்தேன். எழுதியது அவர் இல்லை என்றால் பெயரைத் திருடியவர், எழுதியவர் என்றால் தப்புச் செய்துவிட்டு என் தலையில் கட்டியவர். மேடம் அறிக்கையை எடுத்து, பொறியாளர் என்ற இடத்தில் அச்சாகியிருந்த என் பெயரை அடித்துவிட்டு, பேனாவோடு அவர் பக்கம் நகர்த்தினார். அவர் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தின் கடைசிக் கோடு தாளைக் கிழித்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அரை நிமிடத்தில் வரியை மேலே தூக்கி வைத்தேன். மழை வந்தாலும் பெட்டிகள் சரியாக விழித்தன. சிங்கப்பூர்ப் பதவி அவருக்கு வரவில்லை. எனக்கு நிரந்தரம் ஆயிற்று. சில மாதத்தில் அவர் வேறெங்கோ போய்விட்டார். கோப்பின் தலையில் மட்டும் இன்றைக்கும் அவர் பெயர்தான் இருக்கிறது. நானே என் வாயால் எழுதிக் கொடுத்தது, திரும்பக் கேட்க முடியாது. என் வாழ்நாளில் நான் எழுதிய நல்ல நிரல் அதுதான். கேட்டால் அதற்காகவும் நான் வருத்தப்படவில்லை என்பேன்.

அன்று மத்தியானம் கூட்டம் முடிந்ததும் டெக்னீசியன் அண்ணனிடம் ஓடினேன். இழுப்பறையிலிருந்த தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"பாருங்கண்ணே, உங்கள அலைய விட்டது யாருன்னு. இத வீட்டுல ஃபிரேம் போட்டு மாட்டுங்க."

அவருக்கு அந்த வரிகள் ஒன்றும் புரியாது. மரியாதைக்கு மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில், தாளின் கீழ் மூலையில் பிரிண்டர் போட்டிருந்த தேதியில் விரலை வைத்தார். அது புரிவதற்கு யாருக்கும் கெர்னல் தெரிய வேண்டியதில்லை.

"இது போன வாரத்துக்கு முந்துன வாரம் தங்கச்சி."

தாளை நாலாக மடித்தார்.

"அப்ப பரிசத்துக்கு முன்னாலயே உனக்குத் தெரியும்."

கேள்வியாகக் கேட்கவில்லை. மடித்த தாளை என் மேசையில், வழக்கமாகப் பீசாங் கோரேங் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு, வேன் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். இன்னமும் நாங்கள் ஒரே அலுவலகத்தில்தான் இருக்கிறோம். வேலை விஷயம் என்றால் பேசுவார், மிஸ் என்று கூப்பிடுவார்.